மவுண்ட் அட்டைக்கு அடியில் இருந்த நிறம்

வீட்டிலேயே ஒரு மேசையைப் போட்டு, போட்டோவைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை வெட்டி ஃபிரேம் போடும் வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். எப்படி வெட்டுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குத்தான் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றனவே! என் கையைவிட உங்கள் கை சுத்தமாக வெட்டுகிறது என்பதையும் பார்த்துவிட்டேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. கையை எப்போது சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது பற்றி.

போன வாரம் நம் வாட்ஸப் குரூப்பில் ஒரு தம்பி, "பழைய கலர் போட்டோவில் கறை இருக்கிறது, எதைப் போட்டுத் துடைக்கலாம்?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னீர்கள். ஸ்பிரிட் என்றார் ஒருவர், பால் என்றார் இன்னொருவர், உருளைக்கிழங்கு என்றுகூட ஒரு புண்ணியவதி எழுதியிருந்தார். அது கறைதானா என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டுமே! எனக்கு வந்த கோபத்துக்கு போனைத் தூக்கி எறிந்திருப்பேன். எறிந்தால் நான்தானே திரும்ப வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்காநல்லூரில் என் வீட்டு முன்னறையில் ஃபிரேம் போட்டவள். கண் மங்கத் தொடங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் வேலை. அங்கே எனக்குத் தொழில் கற்றுத்தந்தவருக்குப் பேச்சு என்றாலே ஆகாது. "ஆளைப் பாத்துப்போட்டுப் படத்தைத் தொறங்க அம்மணி" என்பதுதான் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம். நானும் தலையாட்டி வைத்தேன். பல்லடத்துக்காரர்கள் வந்த அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

காலை நேரம். வாசலில் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ரங்கசாமி, பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவர். தேங்காய்ப்பூ டவலில் சுற்றிய ஒரு படத்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய அக்கா சரோஜா. அவருக்கும் பின்னால் கையில் மருதாணியோடு ரங்கசாமியின் மகள் பூங்கொடி. அவளுக்கு மறுநாள் கல்யாணம்.

"நாளைக்கு முகூர்த்தத்த வெச்சுக்கிட்டுப் பொண்ணை யாராவது வெளிய கூட்டீட்டு வருவாங்களாங்க? வந்தே தீருவேன்னு கார்ல ஏறி உக்காந்துக்கிட்டா" என்று சரோஜாம்மா வந்ததும் வராததுமாக என்னிடம் முறையிட்டார்.

டவலைப் பிரித்தேன். பெரிய அளவு கலர் போட்டோ. பூங்கொடியின் அம்மா. மகள் நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவர். கல்யாண ஆல்பம் ஒரு மழையில் நனைந்து, படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டதால் அவர் படமாக மிஞ்சியது இது ஒன்றுதான். பிறந்த ஊரான பவானியில், ஒரு ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. ஃபிரேமின் நான்கு மூலையும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"தறிக் குடோன்லதானுங்க" என்றார் ரங்கசாமி. "ஊட்டுல இருக்கறதவிட நான் குடோன்லதான இருக்கறேன். வாசலுக்கு நேரா மாட்டி வெச்சேன். தறி அதிர்வுல ஆணியெல்லாம் கழண்டுபோச்சுங்க."

வாசலுக்கு நேராக என்றால் காலை வெயில் முழுக்க முகத்தில். வெயில் போனால் டியூப் லைட். தறி ஓடும்வரை அதுவும் அணையாது. இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். நீங்களும் இப்படித்தான் முதலில் இடத்தைக் கேட்க வேண்டும்.

"ஃபிரேமு கெடக்குதுங்க. இதைப் பாருங்க" என்று சரோஜாம்மா படத்தின் நெற்றியைக் காட்டினார். "வாரா வாரம் வெள்ளிக்கெழம எந்தம்பி பொட்டு வெப்பான். பழசைத் தொடைக்கறதும் இல்ல. சந்தனத்து மேல சந்தனம், குங்குமத்து மேல குங்குமம்னு அப்பளமாட்டப் படிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்குச் சுத்தம் பண்ணலாம்னு நேத்துச் சொரண்டி எடுத்தேன். பாத்தா, அந்தச் சாயம் கண்ணாடிக்குள்ள எறங்கிப் படத்துலயே ஊறியிருக்குது! எப்படித் தேச்சாலும் போகமாட்டீங்குது. நாளைக்கு மணவறைகிட்ட இதை வெச்சா ஒறம்பரை சனமெல்லாம் என்ன பேசுவாங்க? நெத்தியில கருப்பு வட்டத்தோட!"

உண்மைதான். வெளுத்த முகம். அதன் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருமையாக ஒரு வட்டம். பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோவில் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, முகத்தையும் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிப் புதுக் காப்பி தருகிறோம் என்றார்களாம். சரோஜாம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இத்தன வருசம் கும்பிட்ட படமுங்க இது. காப்பிய வெச்சா கும்படறது? நீங்க இதுலயே கறையை எடுத்துக் குடுங்க. சாயந்தரம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துருவாங்க. அதுக்குள்ள மண்டபத்துல இருக்கோணும்" என்றார். பிறகு படத்தையே பார்த்துப் பெருமூச்சு விட்டார். "என்ன நெறம் பாருங்க. தங்க விக்கிரகம்! இவதான் யாரைக் கொண்டு பொறந்தாளோ" என்று சொல்லி, பூங்கொடியின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினார்.

பூங்கொடி நல்ல கறுப்பு. களையான முகம். அவள் சிரித்துக்கொண்டே, "என்னைத் தவிட்டுக்கு வாங்குனதுங்க அக்கா" என்றாள் என்னிடம்.

நம் பக்கத்தில் எந்தக் குழந்தையைத்தான் பெற்றதில்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று சீண்டவில்லை! என்னையும் சொன்னார்கள். கொஞ்ச நாள் அழுதுவிட்டு, கண்ணாடியில் அம்மாவின் மூக்கைப் பார்த்ததும் மறந்துபோனேன். இவள் சிரித்த சிரிப்பு அப்படி மறந்தவளின் சிரிப்பாக இல்லை.

ரங்கசாமிக்கு மண்டபத்திலிருந்து போன் வந்தது. அவரும் சரோஜாம்மாவும் வாசலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி என் மேசை ஓரத்தில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள். "சின்னதுல குடோன்ல ஸ்டூல் போட்டு ஏறி நின்னு இந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே இருப்பனுங்க. கண்ணு என்னுதா, வாய் என்னுதான்னு. எதுவும் ஒத்துவராது. நாளைக்கு அவங்க முன்னால வுழுந்து கும்படோணும். எல்லாரும் அழுவாங்க. எனக்கு மட்டும் யாரோ ஊருக்குப் புதுசா வந்தவங்களக் கும்படற மாதிரி இருந்துருமோன்னு பயமா இருக்குதுங்க. அதான் நானும் வந்தேன். நீங்க தொறந்தா உள்ள நல்லாத் தெரியுமோன்னு."

 நான் படத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

இனி கவனமாகக் கேளுங்கள். அந்த வட்டத்துக்கு நடுவில் அந்த அம்மாள் வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. நல்ல ரத்தச் சிவப்பு, ஓரம்கூடக் கலங்கவில்லை. வட்டத்தின் மேல்புறத்தில் வகிட்டு முடி இழை இழையாகத் தெரிந்தது. வட்டத்துக்கு வெளியேயோ முடியெல்லாம் பழுப்புப் புகை போல இருந்தது. கறை என்றால் அடியில் இருப்பதை மறைக்கும். இது மறைக்கவில்லை, மற்ற இடத்தைவிடத் தெளிவாகக் காட்டியது. எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

திரும்பினால் சரோஜாம்மா உள்ளே வந்து, நான் கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து, பஞ்சில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! "இதைப் போட்டுத் தொடச்சா ஒரு நிமிசத்துல போயிருமுங்க. படத்தை வெளிய எடுங்க, நானே தொடைக்கறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, பஞ்சைக் கீழ வையுங்க."

"அட, தொடைக்கறதுக்குத்தான வந்தோம்? முடியலைன்னா சொல்லிப்போடுங்க. டவுன்ல கடைக்கா பஞ்சம்?"

"தாராளமாப் போங்க. ஆனா இதைத் தொட்டீங்கன்னா நாளைக்குக் கும்படறதுக்கு ஒண்ணும் இருக்காது. பின்னால தொறந்து பாக்கச் சித்தெ நேரம் குடுங்க. பொறகு உங்க இஷ்டம்."

அவர் முகம் சுண்டிப்போனது. போனை முடித்துக்கொண்டு உள்ளே வந்த ரங்கசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண அலைச்சலில் அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "அவங்க பாக்கட்டும் அக்கா" என்றார். சரோஜாம்மா பஞ்சை வைத்துவிட்டார், பாட்டிலை விடவில்லை.

வாடிக்கையாளர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது உங்களுக்குக் கை பரபரக்கும். உடனே எதையாவது செய்து அவரைச் சமாதானப்படுத்தத் தோன்றும். அந்தப் பரபரப்பில்தான் படங்கள் சாகின்றன. யாரும் கோபப்பட்டு ஒரு போட்டோ கெட்டதில்லை. எனக்கு அன்றைக்குக் கை பரபரக்கவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க ஆணிகளைக் கழற்றி, படத்தையும் அதைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையையும் சேர்த்து வெளியே எடுத்தேன். அந்த அட்டை இருந்ததால்தான் படம் கண்ணாடியோடு ஒட்டாமல் பிழைத்திருந்தது. முதலில் போட்ட புண்ணியவான் அட்டையைத் தாராளமாக உள்ளே தள்ளி வெட்டியிருந்தார். படத்தின் நான்கு ஓரமும் விரல் அகலத்துக்கு அதற்கடியில் மறைந்திருந்தன. அட்டையை மெல்லத் தூக்கினேன்.

படத்தில் அந்த அம்மாளின் இடது கை நாற்காலியின் கைப்பிடி மேல் இருந்தது. அந்தக் கையின் பாதி வெளியே தெரிந்தது, மீதிப் பாதி அட்டைக்கு அடியில் போயிருந்தது. இப்போது முழுக் கையும் தெரிந்தது. அட்டை மூடியிருந்த கோடு வரைக்கும் வெளுத்த கை. கோட்டைத் தாண்டினால் நல்ல கறுப்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மினுமினுக்கும் கறுப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே கையில் இரண்டு நிறம்.

வெளிச்சம் கலர் போட்டோவைத் தின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். குடோன் வெயிலும் டியூப் லைட்டும் சேர்ந்து அந்த முகத்தைத் தின்று வெளுப்பாக்கியிருந்தன. அட்டை மூடிய இடமும், ரங்கசாமி வாராவாரம் சந்தனம் அப்பிய அந்த வட்டமும்தான் தப்பியிருந்தன. கறை என்று சரோஜாம்மா துடைக்கப் பார்த்தது அந்த அம்மாளின் சொந்த நெற்றியை.

அடுத்து என்ன செய்வது? இதுதான் அன்றைக்கு எனக்கு வந்த உண்மையான சோதனை. நாளைக்குத் தாலி ஏறப்போகிற பெண், வாசலில் கார், கையில் பாட்டிலோடு அத்தை. ஃபிரேம் போடுகிறவளுக்குக் குடும்ப விஷயத்தில் என்ன வேலை என்று சொல்லாமல் விடலாம். அல்லது "உங்க அம்மா கறுப்பு கண்ணு" என்று போட்டு உடைக்கலாம். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கையை அறிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. படத்தை ரங்கசாமியின் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

அவர் குனிந்து பார்த்தார். விரலை அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இவ... இதுதானுங்க இவ" என்றார்.

"என்ன தம்பி சொல்ற?" என்றார் சரோஜாம்மா. "அவ செவப்புதான?"

"நீ அப்ப சூரத்துல இருந்த அக்கா. கல்யாணத்தன்னிக்குப் பவுடர் பூசுன மூஞ்சியப் பாத்துப்போட்டுப் போன. திரும்பி வாரப்ப அவ இல்ல." அவர் விரல் இன்னும் அந்தப் பட்டைக்கு மேலேயே நின்றது. "கருப்பட்டீன்னுதான் கூப்புடுவேன். கோவமே வராது அவளுக்கு. 'கருப்பட்டி வேணுமா, கருப்பட்டிக் காப்பி வேணுமா'ன்னு கேப்பா. அட சாமீ, கருப்பட்டீன்னு கூப்பிட்டதையே மறந்துபோட்டனே! தெனமும் இந்தப் படத்தைப் பாத்துப் பாத்து, அவளை வுட்டுப்போட்டுப் படத்தைல்ல மனசுல வெச்சிருந்திருக்கறேன்! எல்லாரும் செவப்பு செவப்புன்னாங்க. நானும் ஆமான்னுட்டனுங்க."

அத்தனை பெரிய மனிதர் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

சரோஜாம்மாவுக்கு நம்ப முடியவில்லை. அவருக்குச் சேலையைக் காட்டினேன். இத்தனை நாளும் சந்தன நிறம் என்று அவர்கள் நினைத்திருந்த சேலை, அட்டைக்கு அடியில் நல்ல அரக்கு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "கூறு கெட்டவ நான். இந்தப் புள்ளைய எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

பூங்கொடி யாரையும் பார்க்கவில்லை. மருதாணி வைத்த இடது கையை மெல்ல நீட்டிப் படத்தின் பக்கத்தில், அந்தப் பட்டையை ஒட்டி வைத்தாள். நிறம் மட்டுமில்லை, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்த விதமும் அதேதான். நிறம் வந்த பிறகுதான் அவளுக்கு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. "அப்பா, இங்க பாருங்க" என்றாள். "அப்பா, பாருங்களேன்."

அதற்குமேல் என் வேலை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அந்த நிறத்தை முகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று சரோஜாம்மாவே கேட்டார். முடியும், ஆனால் இன்றைக்கு அவசரத்தில் வேண்டாம், ரங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லச் சொல்ல நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்றேன். பழைய அட்டை மக்கிப்போயிருந்தது. புது அட்டையை எடுத்து, பழக்க தோஷத்தில் அதே அளவைக் குறித்தேன். ஓரத்தை மூடுவதற்குத்தானே மவுண்ட்.

"அக்கா, அதை மூட வேண்டாமுங்க" என்றாள் பூங்கொடி.

"நல்லா இருக்காது கண்ணு. ஓரத்துல பட்டையாத் தெரியும். பாக்கறவங்க கோளாறுன்னு நெனப்பாங்க."

"தெரியட்டுமுங்க."

"வெளிச்சம் பட்டா அதுவும் வெளுத்துரும். அதையும் சொல்லோணுமல்ல நானு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "இனிக் குடோன்ல வேண்டாம் சாமி" என்றார் அவர். "உள்ரூம்புல, வெயில் வராத செவுத்துல மாட்டிக்கறேன். கும்படறப்ப மட்டும் வெளிய எடுத்துக்கலாம்."

அப்படியே செய்தேன். ஓரம் முழுக்கத் தெரியும்படி அட்டையின் நடுத் திறப்பைப் பெரிதாக வெட்டி, அட்டை படத்தின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி வைத்து, புதுச் சட்டத்தில் இறுக்கிக் கொடுத்தேன். படித்த பாடத்துக்கு நேர்விரோதமான வேலை. நான் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கறையா இல்லையா என்று பார்க்க முதலில் மூடியிருந்த ஓரத்தைத் திறந்து பாருங்கள், குடும்பத்துக்கு எது வேண்டும் என்பதை அவர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள். அந்தத் தம்பிக்கும், உருளைக்கிழங்கு அம்மணிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பேனா! மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் பட்டு விரித்துப் படத்தை வைத்திருந்தார்கள். பொட்டை ரங்கசாமி கண்ணாடியில் வைக்காமல் சட்டத்தில் வைத்திருந்தார். முகூர்த்தச் சேலையோடு பூங்கொடி வந்து, தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. சரோஜாம்மாதான் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

எனக்கு முன்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஃபிரேம் போட்டவங்க சரியாப் போடலையாட்ட இருக்குதே. ஓரத்துல கருப்பாப் பட்டை தெரியுது" என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பட்டைதானுங்க எங்கம்மா" என்றாள். "மத்ததெல்லாம் வெளுத்துப்போன காயிதமுங்க."